படிவாயிலை அடைக்கச் சொன்ன ஆணைக்கு மறுமொழி

மழை மறவாத ஏழ்குன்ற நாடு வாழ்க. கருமடை ஆற்றின் இரு கரையும் விளைக. உப்பு விற்பவனும் கல் சுமப்பவனும் அஞ்சாமல் நடக்கும் பெருவழிகள் நிலைக்க. பாறையில் வேர்விட்ட அத்தி போல் அசையாத குலத்தில் தோன்றியவரும், பகைவரின் யானைகளை எல்லைக் கல்லுக்கு அப்பாலேயே நிறுத்தியவரும், எளியவர்க்கும் வலியவர்க்கும் ஒரே துலாக்கோல் பிடித்தவரும், ஓங்கல்வேந்தரின் திருமகளாருமாகிய கோவரசி நிலமங்கை தேவியார் திருவடிக்கு, அரண்வேலைத் தலைவன் மூக்கன் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. மேன்மாடத்தில் தேவரீர் நலமே எழுந்தருளியிருக்கிறீர் என்று அடுத்த வரி எழுதுவது முறை. நலமாக இல்லை என்பது குதிரைக்குப் புல் போடுகிறவன் வரை தெரியும். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

இன்று விடியலில் உணவுக்கூடையில் வைத்துத் தேவரீர் இறக்கிய திருமுகமும், அதனோடு பிணைத்திருந்த முத்திரைக் கணையாழியும் அடியேன் கைக்கு வந்தன. மேன்மாடம் ஏறும் படிவாயிலைப் பொழுது சாய்வதற்குள் கல் வைத்து அடைத்துச் சுண்ணம் பூச வேண்டும் என்றும், கூடை ஏறி இறங்கும் சாளரம் ஒன்று மட்டும் திறந்திருக்கலாம் என்றும், பல் எடுக்க வந்திருக்கும் மாடத்தி என்பவளை எல்லை கடத்த வேண்டும் என்றும், வேலை முடியும் வரை கணையாழியின் அதிகாரம் அத்தனையும் அடியேனுக்கு உண்டு என்றும் ஆணை. படித்தேன். ஐயத்துக்கு இடமில்லாத ஆணை.

கல் இறக்கியாயிற்று. கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணம் இடித்தும் ஆயிற்று. என் ஆட்கள் கரண்டியும் கையுமாக நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் படிகளைப் பார்க்கிறேன். குழைத்த சுண்ணம் யாருக்காகவும் காத்திருக்காது.

என் நிலையைத் தேவரீர் திருவுள்ளம் கொள்ள வேண்டும். அவையத்தார் நேற்றுக் கூடி, மேன்மாடத்துக் கதவை உடைத்து, தேவரீரின் மணிமுடியை இறக்கி, வழக்கப்படி பல்லை எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, கதவை உடைக்க என்னைத்தான் அழைத்தார்கள். விடிந்ததும் தேவரீர் வாயிலை அடைக்க என்னையே பணித்தீர். உடைப்பதற்கும் அடைப்பதற்கும் இந்தக் கோட்டையில் கல்வேலைக்காரன் நான் ஒருவன்தான். உடைத்தால் துரோகி, அடைத்தால் கொலைகாரன். பொறியில் அகப்பட்ட எலிக்காவது வெளியே போக ஆசை இருக்கும்; இங்கே பொறிக்குள் இருப்பவரே கதவை இழுத்துச் சாத்தச் சொல்கிறார்.

கொலைகாரன் என்ற சொல் பெரிது என்று ஓலை எழுதும் நாயகம் சொன்னார். அதனால் அவரை எழுப்பி அனுப்பிவிட்டு எழுத்தாணியை நானே பிடித்திருக்கிறேன். சொல் பெரிதல்ல. கூடையை ஏற்றி இறக்கும் பவழி என்னிடம் சொன்னதை மெருகேற்றாமல் தருகிறேன்: “கஞ்சிச் சட்டி போன மாதிரியே திரும்பி வருது தலைவரே. மூடியைக்கூடத் தொறக்கல. கயித்தை இழுக்க எட்டிப் பாத்தாங்க. எங்க தேவி முகமே இல்ல அது. கன்னம் வீங்கி ஒரு கண்ணை மூடிருச்சு. வீக்கம் தாடைக்குக் கீழ எறங்கிருச்சு.” சொல்லிவிட்டு அவள் அழவில்லை. என்னைத் திட்டினாள். “சொவரு எழுப்ப வந்திருக்கீரே, வெக்கமா இல்ல?” என்றாள். தேவரீரின் தோழி என்பதால் பொறுத்துக்கொண்டேன். அவள் சொன்னது சரி என்பதாலும்.

தாடைக்குக் கீழே இறங்கும் வீக்கத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கருமடைக் கல்வாயில், நாங்கள் பாறை உடைத்த பள்ளத்தில், எங்கள் கூட்டத்தில் தாண்டவன் என்றொருவன் இருந்தான். பாறை உருண்டு வரும்போது எல்லாரும் ஓட, எந்தப் பக்கம் உருளும் என்று நின்று பார்த்துவிட்டு நகர்கிற ஆள். அவன் பல்லுக்குப் பயந்தான். கன்னத்தில் துணி கட்டினான், மந்திரித்த கயிறு கட்டினான், கள்ளைக் குடித்தான், நாளைக்கு என்றான். வீக்கம் கழுத்துக்கு வந்தபோது பேச்சு நின்றது. அப்புறம் தண்ணீர் இறங்கவில்லை. அப்புறம் அவனை நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். அவனைக் கோழை என்று ஒருவனும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனைத் தூக்கின கையாலேயே அறைந்திருப்பேன். அச்சம் ஆளின் அளவு பார்த்து வருவதில்லை. தேவரீர் பகைவரின் யானை முன் நின்றவர். அந்தப் போரில் முன்னணியில் கல் சுமந்தவன் நான், கண்ணால் கண்டேன். யானைக்கு அஞ்சாதவர் குறட்டுக்கு அஞ்சுவதா என்று அவையில் ஒருவர் சிரித்தார். அவருக்கு எத்தனை பல் சொத்தை என்று பார்க்கச் சொல்லி மாடத்தியை அனுப்பட்டுமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

இனிச் சொல்லப்போவது தேவரீருக்கு நோகும். ஆயினும் சொல்லாமல் தீராது.

ஓங்கல்வேந்தருக்குப் பல் எடுத்த அன்று சிறுமியாயிருந்த தேவரீர் தூண் மறைவில் நின்றீர் என்றும், பக்கத்தில் தானும் நின்றதாகவும் பவழி சொன்னாள். அரசர் மேனியில் குருதி சிந்த வைப்பவன் கையை இழப்பான் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்துக்குத் தப்ப முன்னோர் ஒரு வழி கண்டார்கள்: பல் எடுக்கும் நேரம் மட்டும் முடியை இறக்கிப் பீடத்தில் வைத்துவிட்டால் அங்கே கிடப்பது அரசர் அல்ல, வெறும் உடல்; உடலை மல்லர் நால்வர் பிடித்துக்கொள்ளலாம், வாரால் கட்டலாம். அரசர் கத்தினார் என்று ஊர் பேசக் கூடாது என்பதற்காக முரசும் சங்கும் முழங்க வேண்டும். அன்று முழங்கின. தந்தையார் வாயைத் திறந்து அலறுவதைத் தேவரீர் கண்டீர். குரல் மட்டும் வரவில்லை. ஒரு முறைக்கு இருமுறை அலறினார், ஒருவரும் கேட்கவில்லை. சில நாளில் அவர் மறைந்தார். குறடுதான் தந்தையைக் கொன்றது என்று அன்றைக்குத் தேவரீர் எண்ணியதில் தவறில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

அன்று அரசர் அலறியது வலியால் அல்ல. இதை எனக்குச் சொன்னவள் மாடத்தி. அன்று குறடு பிடித்தவர் அவளுடைய தகப்பன். காவல் கொட்டடியில் குறட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்ன வார்த்தைகள் இவை: “எங்கப்பன் செவிடு இல்ல ஐயா. ராசா ‘இது இல்ல, அடுத்தது’ன்னு கத்தினாராம். முரசு அடிச்ச அடியில ஒண்ணுமே கேக்கலை. நல்ல பல்லு குறட்டோட வந்தப்புறந்தான் முரசு நின்னுச்சு. அதுக்கப்புறம் ராசா வாயைத் தொறப்பாரா? சொத்தை உள்ளயே கெடந்துச்சு. சாகுற மட்டும் எங்கப்பன் கோயில்ல முரசு அடிச்சா எந்திரிச்சுப் போயிருவாரு.”

தேவி, தந்தையாரைக் கொன்றது எடுத்த பல் அல்ல. எடுக்காமல் விட்ட பல். அந்தப் பல்லைக் காத்துக் கொடுத்தது முரசு. அரசரின் மானத்தைக் காப்பதாக எண்ணி நம் ஆட்கள் அவர் சொல்லை அடித்து மூடினார்கள். அவையத்தார் இம்முறையும் அதே முரசைத்தான் துடைத்து வைத்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் தேவரீர் தாழிட்டீர் என்று நான் அறிவேன். கட்டிப் போட்டு, முடியைப் பிடுங்கி, வாயைத் திறந்துவைத்து, சொல்லைக் கேட்காமல் ஒரு வேலை நடக்கும் என்றால், அது எந்த வேலையானாலும் நானும் ஓடித்தான் போவேன்.

எங்கள் கல்வாயில் வேலை அப்படி நடப்பதில்லை. பாறையில் துளை போட இருவர் வேண்டும். ஒருவன் உட்கார்ந்து உளியைப் பிடிப்பான். மற்றவன் நின்று சம்மட்டி போடுவான். அடி தவறினால் போவது உட்கார்ந்தவன் கை. ஆகவே உளி பிடித்தவன்தான் தலைவன். அவன் சொல்லாமல் சம்மட்டி இறங்காது. தூசிக்காக இருவரும் வாயில் துணி கட்டியிருப்பதால் சொல் என்பது தட்டுதான். உளியைக் கல்லில் ஒரு முறை தட்டினால் போடு. இரு முறை தட்டினால் நிறுத்து. நிறுத்து என்றால் தலைக்கு மேல் ஏறிய சம்மட்டியும் அப்படியே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்காமல் போட்டவனைக் கல்வாயிலிருந்து விரட்டிவிடுவோம். சோறும் போட மாட்டோம்.

வாய் திறந்து கிடப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கம் எது?

ஆயினும் நான் சொல்வதை மட்டும் நம்பித் தேவரீர் தாழ் திறக்க வேண்டியதில்லை. என் வாயில் இடப்பக்கம் உடைந்த கடைவாய்ப்பல் ஒன்று நெடுங்காலமாக இருந்தது. வலப்பக்கம் மென்றே காலத்தைத் தள்ளியவன் நான். இன்று காலை படியின் கீழே, தேவரீரின் சாளரத்துக்கு நேராக, மாடத்தியை அழைத்து, இந்தத் தட்டு வழக்கத்தைச் சொல்லி, கையில் உளியோடு உட்கார்ந்தேன். கட்டவில்லை, பிடிக்கவில்லை, முரசில்லை. தேவரீர் கேட்ட ஓசை அத்தனையும் அதுதான். என் ஆட்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணியிருக்கலாம்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அவள் குறட்டைத் துணியிலிருந்து எடுத்ததும் என் கால் ஆடியது. நான் ஆட்டவில்லை, அது தானாக ஆடியது. அவள் இன்னும் கிட்டே வரக்கூட இல்லை, நான் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். அப்படியே நின்றாள். “கல்லு ஒடைக்கிறவருன்னு சொன்னாங்க. என் கையைப் பாத்தே கல்லா போயிட்டீரே!” என்றாள். என் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம். பிறகு அக்கரகார வேரை ஈறில் அதக்கிக்கொள்ளச் சொன்னாள். நாக்கு மரத்தது, எச்சில் ஒழுகியது. கிராம்பு எண்ணெய் தடவினாள். இன்னது செய்யப் போகிறேன் என்று சொன்ன பிறகே ஒவ்வொன்றையும் செய்தாள். பளுத் தூக்கும்போது எங்களுக்குச் சொல்லித் தந்தபடி மூச்சை உள்ளே அடக்காமல் வெளியே விட்டேன். அடக்கினால் உடம்பு முழுவதும் அந்தப் பல்லோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. நடுவில் தாங்காமல் மறுபடி இரண்டு தட்டு தட்டினேன். குறடு பல்லைக் கவ்வியிருந்தும் அதை நெகிழ்த்து வெளியே எடுத்துவிட்டாள். வாய் கொப்பளித்தேன். யார் மேலோ கோபம் வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. என் கையாலேயே உளியை எடுத்து ஒரு தட்டு தட்டினேன்.

வலித்தது. வலிக்காது என்று சொல்லி அனுப்புகிற எவனையும் தேவரீர் நம்ப வேண்டாம். ஆனால் அந்த வலிக்கு ஓர் எல்லை இருந்தது. அது எனக்குத் தெரிந்திருந்தது. அதன் கதவு என் கையில் இருந்தது. இத்தனை காலம் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு வராத வலியை எண்ணி எண்ணிப் பட்ட பாட்டுக்கு எல்லையே இருந்ததில்லை. எனக்குத் தெரிந்த வேறுபாடு இவ்வளவுதான்.

கணையாழி என்னிடம் இருந்த நேரத்தில் அதைக்கொண்டு நான் செய்தவை: படிவாயிலுக்கு அப்பால் அவையத்தார் ஒருவரும் கால் வைக்கலாகாது என்று நிறுத்தினேன். முரசுகளின் வாரை அவிழ்த்துத் தோலைத் தளர்த்தினேன், முரசுக்காரன், “முரசு இல்லாம என்ன அரமனை தலைவரே?” என்று முனகினான், காது உள்ள அரண்மனை என்றேன். மல்லர் நால்வரையும் கல் சுமக்க அனுப்பினேன், நன்றாகச் சுமக்கிறார்கள். முடி தேவரீரின் தலையிலேயே இருக்கலாம் என்றும், அரசியே தட்டி அழைத்த கைக்குக் குருதிக் குற்றம் இல்லை என்றும் மாடத்திக்கு முத்திரையிட்டுத் தந்தேன். அதை வாங்கியவள் முத்திரையை மும்முறை தடவிப் பார்த்த பிறகே மடியில் முடிந்துகொண்டாள். மேலே இருப்பவர்தான் அஞ்சுகிறார் என்று எண்ணியிருந்தோம். அவளை எல்லை கடத்தும் ஆணையை மட்டும் நான் நிறைவேற்றவில்லை. அதற்கான தண்டனையை ஏற்கிறேன்.

இந்த ஓலையோடு கூடையில் ஏறி வருபவை நான்கு. கணையாழி ஒன்று, அது கூடையில் விழுந்த கணமே நான் அதிகாரம் ஏதும் இல்லாத மூக்கன். துணியில் முடிந்த என் பல் ஒன்று. அருவருப்பாக இருந்தால் சாளரத்தின் வழியே எறிந்துவிடுக. மாடத்தியின் குறடு ஒன்று. இது தவிர அவளிடம் வேறு கருவி இல்லை, நான் சோதித்துவிட்டேன். தேவரீர் எடுத்துக் கொடுத்தால்தான் அது அவள் கைக்கு வரும். தொட்டுப் பார்க்கலாம், திறந்து மூடலாம், வெயிலில் வைத்துச் சூடேற்றலாம். காலையில் அது சில்லென்று பட்டதுதான் எனக்குப் பாதி நடுக்கம். நான்காவது, நான் கல்வாயில் பிடித்த உளி. கூர் மழுங்கியது, கைக்கு அடங்கும்.

இனி வேண்டுகோள் அல்ல, கணையாழி என் கையில் இருக்கும் இந்தக் கடைசி நேரத்தில் அதன் பேரால் ஏழ்குன்ற நாட்டின் ஆணை: இவ்வோலை கண்டதும் கோவரசி சாளரத்துக் கல்லில் உளியால் தட்டுக.

ஒரு தட்டானால், மாடத்தி வெறுங்கையோடு படி ஏறுவாள். பவழி கூட வந்து தேவரீரின் ஒரு கையைப் பிடித்துக்கொள்வாள். மறு கையில் உளி இருக்கும். வாசலில் நான் நிற்பேன். இரு தட்டுக் கேட்டால் குறடு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். அவள் நிறுத்தவில்லை என்றால் நான் நிறுத்துவேன். எத்தனை முறை நிறுத்தினாலும் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டோம். இன்றைக்குப் பார்த்துவிட்டு மட்டும் போ என்றாலும் பார்த்துவிட்டு மட்டும் போவாள்; ஆனால் வீக்கம் நமக்குத் தவணை தருமா என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு தட்டானால், சுவர் எழும்பும். தேவரீரின் ஆணையை மீறி ஒரு கல்லையும் நான் அசைக்க மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் நின்று கட்ட வேண்டும் என்று திருமுகத்தில் எழுதவில்லை. வெளியே நின்று கட்டினால் கட்டினவன் இரவு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். எனக்கு அது இறங்காது. ஆகவே கல்லையெல்லாம் படியின் உட்பக்கமாகவே அடுக்கியிருக்கிறேன். உள்ளே நின்றே கட்டுவேன். உள்ளிருந்து கட்டினால் வெளிப்பூச்சு சரியாக அமையாது. ஆனால் சுவர் நிற்கும். அதற்குப் பின் கஞ்சி இருவருக்கு அனுப்பச் சொல்லி பவழியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏழ்குன்றமும் இருகரையும் தேவரீரின் சொல்லால் நிலைக்க. அரண்வேலைத் தலைவன் மூக்கன் தன் கையெழுத்தாக எழுதி, கோவரசியின் கணையாழியை அரக்கில் பதித்து, மேன்மாடப் படியின் கீழிருந்து ஏற்றியது.

கோட்டையில் முரசு இல்லை, சங்கு இல்லை. ஆட்களைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். மெல்லத் தட்டினாலும் கேட்கும். சுண்ணம் காய்கிறது, தேவி.